எழுதத் தயங்கும் குழந்தைகளும் கூட்டுக்கதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத மறுக்கும் அல்லது எழுதத் தயங்கும் குழந்தைகளைப் பிறரோடு சேர்ந்து கதை உருவாக்கச் செய்வதன் மூலம் எழுத்துப் பக்கம் கொண்டுவருவது பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 7 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் கொண்டவை; சிறு குழந்தைகளுக்கு எது மாறும் என்பது அந்தந்த இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது.

என் மகன் வாய் ஓயாமல் கதை சொல்கிறான். எழுதச் சொன்னால் மட்டும் இரண்டு வரியில் நின்றுவிடுகிறான். இது சோம்பலா?

பெரும்பாலும் இல்லை. வாய்மொழியாகக் கதை சொல்லும் குழந்தைக்கு எதிரே ஒருவர் இருக்கிறார். அவர் முகம் மாறுகிறது, ‘அப்புறம்?’ என்று கேட்கிறார், புரியாத இடத்தில் புருவத்தை உயர்த்துகிறார். அடுத்த வாக்கியத்துக்கான உந்துதலில் பாதி அந்த முகத்திலிருந்தே கிடைக்கிறது. தாள் எதையும் கேட்பதில்லை. எழுதுகிற குழந்தை, கதை சொல்பவராகவும் கேட்பவராகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

அதோடு கையின் வேலையும் சேர்கிறது. எழுத்துகளின் வடிவம், லகர ளகர ழகர வேறுபாடு, ரகரமா றகரமா என்ற குழப்பம், ஒற்று மிகுமா மிகாதா என்ற ஐயம் ஆகிய அனைத்தும் ஒரே கணத்தில் கவனத்தைக் கோருகின்றன. தமிழில் இன்னொரு சுமையும் உண்டு: மனத்துக்குள் ‘வந்துட்டான்’ என்று ஒலிக்கும் சொல்லை ‘வந்துவிட்டான்’ என்று மாற்றித்தான் தாளில் இறக்க வேண்டும். தற்காலிக நினைவில் ஒரு நேரத்தில் தங்கக்கூடியவை மிகச் சிலவே என்பதால், வாக்கியத்தின் தலையை எழுதி முடிப்பதற்குள் அதன் வால் மறந்துபோகிறது. முன்பு எழுதியவற்றின்மீது விழுந்த சிவப்பு மையின் நினைவும் சேர்ந்துவிட்டால், இரண்டு வரியில் நிறுத்திக்கொள்வது அந்தக் குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ட வழியாகவே ஆகிவிடுகிறது. கதை குறைவதால் அவன் நிற்கவில்லை. எல்லாவற்றையும் தனியே சுமக்க வேண்டியிருப்பதால் நிற்கிறான்.

கூட்டுக்கதை என்பது சரியாக எது?

இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ முறை வைத்து ஒரே கதையை வளர்ப்பது. ஒருவர் ஒரு வாக்கியமோ ஒரு பத்தியோ சொல்லுவார் அல்லது எழுதுவார்; அடுத்தவர் அதிலிருந்து தொடருவார். அனைவரும் சேர்ந்து பேசி முடிவெடுத்து ஒருவர் மட்டும் எழுதுவதும் இதில் அடங்கும். ஆனால், ஒரு கதையைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்து, கடைசியில் ஒட்டிவிடுவது கூட்டுக்கதை ஆகாது. அங்கே ஒருவர் எழுதியது மற்றவர் எழுதுவதை மாற்றுவதில்லை. தான் எழுதிய ஒரு வாக்கியத்தால் வேறொருவரின் அடுத்த வாக்கியம் மாறியது என்பதைக் குழந்தை கண்ணெதிரே காண வேண்டும். இந்த முறையின் பலம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறக்கின்றன.

சேர்ந்து எழுதினால் எழுத்துத் திறன் வளரும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. ஸ்டீவ் கிரகாம், டொலோரஸ் பெரின் ஆகிய ஆய்வாளர்கள் 4ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் எழுத்துப் பயிற்சி குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அது பரிந்துரைத்த 11 வழிகளுள், மாணவர்கள் சேர்ந்து திட்டமிட்டு எழுதித் திருத்துவதும் ஒன்று. அதன் விளைவளவு, அதாவது ஒரு வழி எழுத்தை எவ்வளவு மேம்படுத்தியது என்பதைக் காட்டும் அளவை, 0.75; இது பட்டியலின் மேல்வரிசையில் வரும் எண். இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவது எழுத்தின் தரத்தில் எதிர்மறையான விளைவையே காட்டியது. அந்த ஆய்வுகள் எல்லா வகை எழுத்தையும் பற்றியவை, கதையை மட்டும் பற்றியவை அல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எண்களைவிடப் பழைய சான்றுகளும் உள்ளன. பிரான்சில் செலஸ்தின் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1920களில் தன் கிராமப்புற வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தாங்கள் விரும்பியதை எழுதி வாசித்தார்கள். எதை அச்சிடலாம் என்று வகுப்பே வாக்களித்தது. தேர்வான எழுத்தை எழுதியவரும் மற்றவர்களும் சேர்ந்து செப்பனிட்டார்கள். பிறகு எழுத்துக் கோத்து அச்சிட்டு, வேறு பள்ளிகளின் குழந்தைகளுக்கு அனுப்பினார்கள். எழுதியதைப் படிக்க உண்மையான ஒருவர் இருந்தார் என்பதும், செப்பனிடுவது தண்டனையாக இல்லாமல் எல்லோருக்கும் பொதுவான வேலையாக இருந்தது என்பதும் இன்றும் அப்படியே பின்பற்றத் தக்கவை.

இன்னும் எழுதவே தெரியாத குழந்தையோடு இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். குழந்தை சொல்லச் சொல்லப் பெரியவர் எழுத வேண்டும். சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றிய விவியன் பேலி பல ஆண்டுகள் இதையே செய்தார்: ஒரு குழந்தை தன் கதையைச் சொல்லும், அவர் அதைத் தாளில் எழுதிக்கொள்வார், அன்றே வகுப்பிலுள்ள மற்றக் குழந்தைகள் அந்தக் கதையை நடித்துக் காட்டுவார்கள். தான் சொன்னது தாளில் தங்குகிறது, தாளில் தங்கியது மறுபடி உயிர்பெற்று எழுகிறது என்பதைக் கண்ட குழந்தைக்கு எழுத்து எதற்கு என்ற விளக்கம் தனியாகத் தேவைப்படாது.

எழுதும்போது குழந்தையின் சொற்களையே எழுதுங்கள். ‘பெரிய்ய்ய நாய் வந்து மோந்து பாத்துச்சு’ என்று அது சொன்னால், ‘ஒரு பெரிய நாய் வந்து முகர்ந்து பார்த்தது’ என்று நாகரிகப்படுத்தி எழுத வேண்டாம். திரும்ப வாசித்துக் காட்டும்போது தன் குரல் அதில் இல்லையென்றால் குழந்தை உடனே கண்டுகொள்ளும்.

முதல் நாள் எப்படித் தொடங்குவது?

தாளையும் பேனாவையும் எடுத்து வைக்காமல் தொடங்குங்கள். முதலில் வாய்மொழியாகவே ஒரு வாக்கியம் நீங்கள், ஒரு வாக்கியம் குழந்தை என்று போகட்டும். முதல் வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும்; ஏனெனில் வெற்றுத் தாளின் அச்சத்தை ஏற்க வேண்டியவர் பெரியவரே. அந்த வாக்கியத்தில் ஒரு பொருளும் ஒரு விடுபட்ட தகவலும் இருந்தால் போதும். எடுத்துக்காட்டாக: ‘பேருந்தின் கடைசி இருக்கையில் யாரோ ஒரு குடையை விட்டுச் சென்றிருந்தார்கள்.’ இதில் யார், ஏன் என்ற இரண்டு வினாக்கள் திறந்தே இருக்கின்றன. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்’ என்ற தொடக்கம் எல்லோருக்கும் பழக்கமானது என்பது உண்மைதான். ஆனால் அடுத்தவர் பற்றிக்கொள்ள அதில் பிடி எதுவும் இல்லை.

குழந்தை, ‘குடைக்குள்ளே ஒரு ஆள் இருந்தான்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் முறை. உங்கள் அடுத்த வாக்கியம்தான் அந்தக் குழந்தை இனி எழுதுமா எழுதாதா என்பதைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. ‘அது வெறும் நிழல்தான்’ என்று நீங்கள் தொடர்ந்தால் அவன் வாக்கியத்தை அழித்துவிட்டீர்கள். ‘அப்போது நடத்துநர் விசில் அடித்தார்’ என்று தொடர்ந்தால் அதைக் கேட்காமல் தாண்டிவிட்டீர்கள். ‘குடையைச் சற்றே திறந்தபோது, கதவை மூடு, குளிர் அடிக்கிறது என்று உள்ளிருந்து குரல் வந்தது’ என்று தொடர்ந்தால், அவன் சொன்னதை உண்மையென ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள். குழந்தையின் முகத்தில் இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே பார்க்கலாம்.

பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் போதும். சுவை உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ‘இது மறந்துபோய்விடுமே, குறித்து வைப்போமா?’ என்ற கேள்வி குழந்தையிடமிருந்து வந்தால் மிக நல்லது. வராவிட்டால் நீங்களே கேட்டு, நீங்களே எழுதுங்கள். அடுத்த முறை, ‘இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீ எழுதுகிறாயா?’ என்று கேளுங்கள். எழுதும் பொறுப்பு இப்படி ஒவ்வொரு வாக்கியமாகவே கைமாற வேண்டும்.

எதுவும் தோன்றவில்லை என்று குழந்தை உட்கார்ந்துவிட்டால்?

இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜானி ரோதாரி 1973இல் வெளியான தன் நூலில் ஒரு வழியை விளக்கியிருக்கிறார். தமக்குள் எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு பெயர்ச்சொற்களை எடுத்து, அவற்றை வெவ்வேறு வகையில் இணைத்துப் பார்ப்பதே அது. தமிழில் வேற்றுமை உருபுகள் இந்த வேலையை மிக எளிதாகச் செய்கின்றன. ஒருவர் ‘ஏணி’ என்று எழுதட்டும். அதைப் பார்க்காமல் மற்றவர் ‘திமிங்கிலம்’ என்று எழுதட்டும். திமிங்கிலத்தின் ஏணி, ஏணியில் ஏறிய திமிங்கிலம், திமிங்கிலத்துக்குள் ஓர் ஏணி, ஏணிக்காகக் காத்திருந்த திமிங்கிலம் என்று உருபை மாற்ற மாற்ற ஒவ்வொன்றிலும் ஒரு கதை தலைகாட்டும். எது பிடிக்கிறது என்று குழந்தை தேர்ந்தெடுத்தால் போதும். ‘யோசி’ என்று சொல்வதைவிட ‘தேர்ந்தெடு’ என்று சொல்வது தயங்கும் குழந்தைக்கு எவ்வளவோ இலகுவானது.

அப்போதும் வாய் திறக்காத குழந்தையிடம் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்கலாம். ‘குரல் கேட்டவுடன் அவள் ஓடினாளா?’ ‘இல்லை.’ ‘அவளுக்கு அந்தக் குரல் ஏற்கெனவே தெரியுமா?’ ‘ஆமாம், அது அவளோட தாத்தா குரல்.’ இரண்டாவது பதிலுக்குள் ஒரு முழு வாக்கியம் வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

எத்தனை பேர் சேர்ந்து எழுதலாம்?

தொடக்கத்தில் இருவர், பழகிய பிறகு மூவர் அல்லது நால்வர். அதற்கு மேல் போனால் தன் முறை வருவதற்குள் குழந்தையின் ஆர்வம் ஆறிவிடும். 40 பேர் உள்ள வகுப்பில் ஒரே கதையை எல்லோரும் எழுதுவதைவிட, மும்மூன்று பேராகப் பிரித்து, ஒரே முதல் வாக்கியத்தை எல்லாக் குழுக்களுக்கும் கொடுப்பது நல்லது. ஒரே வாக்கியம் எத்தனை திசைகளில் போயிருக்கிறது என்று முடிவில் வாசித்துக் கேட்பது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

என்ன விளையாட்டு விதிகள் வைக்க வேண்டும்?

விதிகள் குறைவாகவும் காரணத்தோடும் இருக்க வேண்டும். வாக்கிய எண்ணிக்கை, சொல் எண்ணிக்கை பற்றிய விதிகள் அவ்வளவு முக்கியமில்லை. முந்தையவர் எழுதியதை நடந்ததாகவே ஏற்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. ‘அது எல்லாம் கனவு’ என்று முடிக்கக் கூடாது என்பதை நான் கட்டாயமாக்குவேன். அந்த ஒரு வாக்கியம் மற்ற எல்லோரும் எழுதியதை ஒரே அடியில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

ஜப்பானியர்களின் ரெங்கா என்ற தொடர்கவிதை இதில் நமக்கு நல்ல பாடம். பலர் சேர்ந்து அடுத்தடுத்துக் கண்ணிகளை இயற்றும் அந்த வடிவில், ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தைய கண்ணியோடு இணைய வேண்டும். ஆனால் அதற்கும் முந்தையதிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஷோ தன் மாணவர்களோடு 36 கண்ணிகள் கொண்ட தொடர்களை இப்படி உருவாக்கினார். இணைதலும் விலகுதலும் சேர்ந்தால்தான் கதை நகரும். இணைதல் மட்டும் இருந்தால் பேருந்திலேயே கதை நின்றுவிடும். விலகுதல் மட்டும் இருந்தால் கதையே இருக்காது.

நம் மரபின் அந்தாதியும் சிறு விளையாட்டுக்கு ஏற்றது: ஒருவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் அடுத்தவர் வாக்கியம் தொடங்க வேண்டும். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிவதால் இது முதலில் கடினமாகத் தோன்றும். ‘...கதவு திறந்தது’ என்றால் ‘திறந்த கதவின் பின்னால்...’ என்று சிறிது மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். வினைமுற்று எச்சமாக மாறுவதைக் குழந்தை அந்தப் பெயர் தெரியாமலேயே பழகிக்கொள்ளும்.

தாளை மடித்து, முந்தையவர் எழுதியதைப் பார்க்காமல் எழுதும் விளையாட்டு பயன் தருமா?

சிரிக்க வைக்கும், அதற்காக ஓரிரு முறை ஆடலாம். 1925 வாக்கில் பாரிஸில் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனும், அவரைப் போலவே கனவையும் தற்செயலையும் கலையின் ஊற்றாகக் கொண்ட மீயதார்த்தவாத நண்பர்களும் ஆடிய விளையாட்டு அது. சொற்களின் எதிர்பாராத மோதலே அவர்களுக்கு வேண்டியிருந்தது. எழுதத் தயங்கும் குழந்தைக்கோ தன் வாக்கியம் கேட்கப்பட்டது என்ற உறுதி வேண்டும். மடித்த தாள் அதைத் தருவதில்லை. கடைசி வரி மட்டும் தெரியும்படி மடித்தால் பரவாயில்லை.

எல்லாக் கதையிலும் குண்டு வெடிக்கிறது, எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். தடுக்கலாமா?

தடுப்பதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாத குழந்தைக்குக் கைவசம் இருக்கும் ஒரே முடிவு அழிவுதான். சில நேரங்களில் அது, ‘என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்வீர்களா?’ என்று நம்மைச் சோதிப்பதாகவும் இருக்கும். அதட்டினால் சோதனையில் நாம் தோற்றோம் என்றே பொருள்.

‘பிறர் படைத்த பாத்திரத்தை அவர் சம்மதம் இல்லாமல் கொல்லக் கூடாது’ என்று ஒரு விதி வைக்கலாம். சம்மதம் கேட்கும்போது பேச்சு பிறக்கும். பேச்சில் காரணம் பிறக்கும். குண்டு வெடித்துவிட்டால் அதையும் ஏற்றுக்கொண்டு, அடுத்த நாள் காலை அந்தத் தெருவில் என்ன இருந்தது, முதலில் வெளியே வந்தது யார், அவர் எதைத் தேடினார் என்று தொடருங்கள். விளைவுகளைப் பற்றி எழுதத் தொடங்கிய குழந்தை, வெடிகுண்டை முன்போல் அவ்வளவு எளிதாகக் கையில் எடுக்காது.

யாரேனும் உண்மையான ஒரு குழந்தையைப் பெயர் சொல்லிக் கேலி செய்யவோ அச்சுறுத்தவோ கதை பயன்பட்டால் அது வேறு. அங்கே உடனே நிறுத்த வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் கதையை விட்டுவிட்டுக் குழந்தையிடம் தனியே பேசுங்கள்; தேவையானால் குழந்தைகள் மனநல வல்லுநரின் உதவியை நாடுங்கள்.

குழுவில் ஒருத்தியே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறாள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

கூட்டு வேலையில் தனி ஆளின் முயற்சி குறைவது குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சுப் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்வில், கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைவதைக் காட்டினார். யார் எவ்வளவு இழுத்தார் என்பது வெளியே தெரியாத இடத்தில் இது அதிகமாக நிகழும். எனவே ஒவ்வொருவர் வாக்கியமும் யாருடையது என்பது தெரிய வேண்டும்: ஆளுக்கொரு மை நிறம், அல்லது ஓரத்தில் பெயரின் முதல் எழுத்து.

எழுதும் வேலையையும் கதையைச் சொல்லும் வேலையையும் பிரித்துவிடுவதும் உதவும். வேகமாக எழுதத் தெரிந்தவள் இன்று மற்றவர்கள் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது. அவளுக்கு இது கடினம்தான், ஆனால் பிறர் சொல்வதைக் கவனமாகக் கேட்கும் பயிற்சி அவளுக்கும் தேவை. மெல்லிய குரல் உடையவனுக்கு ஒரு பாத்திரத்தை முழுவதுமாக ஒப்படைத்து, ‘இந்தக் கிழவர் என்ன பேசுவார் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்’ என்று சொல்லிவிடுங்கள். கிழவர் வரும் இடமெல்லாம் எல்லோரும் அவன் பக்கம் திரும்பியாக வேண்டும்.

பிழைகளைத் திருத்தலாமா?

கதை வளர்ந்துகொண்டிருக்கும்போது கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ‘கிழவி’ ‘கிளவி’ என்று வந்திருந்தாலும் கதை கேட்பவருக்குப் புரிந்துவிட்டது; அந்தக் கணத்தில் குறுக்கிட்டால் குழந்தை அடுத்த முறை கிழவியே இல்லாத கதையைச் சொல்லும். பிழைக்கு அஞ்சி, தனக்குத் தெரிந்த எளிய சொற்களுக்குள் ஒடுங்கிவிடும் குழந்தைகள் பலர். பிழையில்லாத அந்த எழுத்துகளைப் பார்த்துப் பெரியவர்கள் மகிழ்ந்தும் போகிறார்கள்.

திருத்தம் வேண்டாம் என்பதில்லை. அதற்கு வேறு நேரம் வேண்டும், காரணமும் வேண்டும். கதை முடிந்து, அதை யாரோ ஒருவர் படிக்கப்போகிறார் என்ற நிலை வரும்போது, சுவரில் ஒட்டவோ, சிறு புத்தகமாகத் தைக்கவோ, தொலைவில் உள்ள உறவினருக்கு அனுப்பவோ முடிவெடுக்கும்போது, குழந்தையே சரிபார்க்கக் கேட்கும். அப்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த வேண்டியதில்லை. ‘இன்று ழகரத்தை மட்டும் தேடுவோம்’ என்று சேர்ந்து தேடலாம். பெரியவர் எழுதிய வாக்கியங்களும் தேடலுக்கு உட்பட்டவையாக இருக்கட்டும்.

பேச்சுத் தமிழில் எழுதுவது பற்றிக் கேட்பவர்கள் அதிகம். உரையாடலில் பேச்சுத் தமிழ் முழு உரிமையோடு இருக்கலாம். நல்ல எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். கதை சொல்லும் பகுதியும் முதலில் பேச்சிலேயே வரட்டும். கூட்டுக்கதையில் பெரியவரின் வாக்கியங்கள் எளிய எழுத்துத் தமிழில் இடையிடையே வருவதால், குழந்தை அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, மெல்ல அந்த நடைக்குள் தானே வந்துசேரும். விதி சொல்லிக் கொடுப்பதைவிட இது நீண்ட காலம் எடுக்கும் வழி. ஆனால் குரலை இழக்காமல் நடையைப் பெறும் வழி.

கதையில் நல்ல கருத்து இருக்க வேண்டாமா?

குழந்தைகள் உருவாக்கும் கதைக்குள் நீதி தானாக வந்தால் வரட்டும். நீங்கள் திணிக்க வேண்டாம். குடைக்குள் மனிதன் வாழும் கதையில், ‘பிறகு அந்தச் சிறுமி குடையை உரியவரிடம் ஒப்படைத்து நேர்மைக்குப் பாராட்டுப் பெற்றாள்’ என்று பெரியவர் எழுதிவிட்டால், விளையாட்டு முடிந்து பாடம் தொடங்கிவிட்டது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

பேனாவைப் பிடித்தாலே கை வலிக்கிறது என்கிறாள். நம்பலாமா?

நம்புங்கள். எழுதுகோலை இறுக்கிப் பிடிப்பதால் வரும் வலி உண்மையானது. வயதுக்கேற்ற பயிற்சி இருந்தும் எழுத்துகளின் அளவும் இடைவெளியும் ஒழுங்கின்றி இருப்பது, பார்த்து எழுதுவதே மிக மெதுவாக நடப்பது, வாயால் சரளமாகச் சொல்வதற்கும் தாளில் வருவதற்கும் இடையே பெரும் பள்ளம் இருப்பது ஆகியவை எழுதுதல் குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். கற்றல் குறைபாடுகளை மதிப்பிடத் தெரிந்த வல்லுநரிடம் காட்டுவது நல்லது. அதுவரை கதை நிற்க வேண்டாம். அவள் சொல்லட்டும், மற்றவர் எழுதட்டும். அல்லது ஒலிப்பதிவு செய்துவிட்டுப் பிறகு கேட்டு எழுதலாம். தட்டச்சும் குரலை எழுத்தாக்கும் வசதியும் குறுக்கு வழிகள் அல்ல. கையின் சிக்கல் காரணமாகக் கதை ஆசிரியர் என்ற இடம் அவளிடமிருந்து பறிபோகக் கூடாது.

கணினியிலோ கைப்பேசியிலோ சேர்ந்து எழுதலாமா?

எழுதலாம். ஒரே கோப்பைப் பலர் திறந்து எழுதும் வசதி, வேறு ஊர்களில் இருக்கும் குழந்தைகளைச் சேர்க்க உதவும். யார் எதை எழுதினார், எதை நீக்கினார் என்ற வரலாற்றையும் அது காட்டும். பிறர் வாக்கியத்தை அழிப்பது அங்கே மிக எளிது என்பதால், அழிக்கக் கூடாது, சேர்க்க மட்டுமே செய்யலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் குழுவில் ஓர் ஆளாகச் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நொடியில் வந்து விழும் வழவழப்பான நீண்ட பத்திக்கு அருகில், தயங்கித் தயங்கி எழுதிய ஒரு வரி குழந்தைக்கே சிறியதாகத் தெரியும்.

கதைகள் முடிவதே இல்லை. இருபது தொடக்கங்கள் இருக்கின்றன.

கவலை வேண்டாம், தொடக்கங்களும் எழுத்தே. முடிவு வேண்டுமென்றால், இன்னும் ஆளுக்கு இரண்டு முறைதான் மீதம் என்று அறிவித்துவிடுங்கள். எல்லை தெரிந்தவுடன் குழந்தைகள் இதுவரை வந்தவற்றைத் திரும்பிப் பார்த்து, எதைக் கட்டி முடிக்க வேண்டும் என்று தாங்களே பேசத் தொடங்குவார்கள்.

இதற்கு மதிப்பெண் போடலாமா?

தொடக்க மாதங்களில் வேண்டாம். பள்ளி கட்டாயப்படுத்தினால், கதையின் தரத்துக்கு அல்லாமல், முந்தையவர் சொன்னதை எவ்வளவு கவனித்துத் தொடர்ந்தார் என்பதற்கு மதிப்பிடுங்கள். இதைப் பெரும்பாலான குழந்தைகளால் நன்றாகச் செய்ய முடியும்.

பதின்ம வயதினர் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள்.

அவர்களிடம் கதையையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இத்தாலியின் மலைச் சிற்றூரான பார்பியானாவில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியில், அரசுப் பள்ளிகள் தோல்வியடையச் செய்து வெளியே அனுப்பிய ஏழைச் சிறுவர்கள் படித்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களை ஒதுக்கிய கல்விமுறையைக் குற்றஞ்சாட்டி, ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதமாக ஒரு நூலை எழுதினார்கள். 1967இல் வெளிவந்த அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

தாங்கள் எழுதிய முறையை அவர்களே அதில் விளக்கியிருக்கிறார்கள். தோன்றுவதையெல்லாம் தனித்தனித் தாள்களில், ஒரு பக்கம் மட்டும் எழுதிக்கொள்வது. பிறகு எல்லாத் தாள்களையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே செய்தி இருமுறை வந்திருந்தால் ஒன்றை நீக்குவது. தொடர்புடையவற்றை அடுக்கி இயல்களாக்குவது. அடுக்குகளின் வரிசையை முடிவு செய்வது. அதன் பிறகு தேவையற்ற சொற்களையும் கடினமான சொற்களையும் வெட்டுவது. பதின்ம வயதினருக்கு இதைவிடச் சிறந்த எழுத்துப் பயிற்சியை நான் அறியேன். தங்களுக்கு உண்மையாகவே கோபமூட்டும் ஒன்றைப் பற்றி, அதை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவருக்கு எழுதச் சொல்லுங்கள். யார் முதலில் எழுதுவது என்ற தயக்கம் அங்கே எழாது. ஏனெனில் ஆளுக்கொரு துண்டுத் தாள்தான் முதல் வேலை.

என் மகளுக்குப் பிறரோடு சேர்ந்து எழுதப் பிடிக்கவில்லை. தன் கதையை யாரும் தொடக் கூடாது என்கிறாள்.

அப்படியானால் அவளுக்கு இந்த முறை தேவையில்லை. அவள் எழுதத் தயங்கவில்லை, பகிரத் தயங்குகிறாள். தனியே எழுத விடுங்கள். பிறர் கதைக்குப் படம் வரைவதற்கோ பெயர் சூட்டுவதற்கோ அழைத்துப் பார்க்கலாம், வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

சேர்ந்து எழுதியே பழகினால் தனியாக எழுதாமல் போய்விடுவார்களா?

பெரியவர் தன் பங்கைக் குறைக்காவிட்டால் அந்த ஆபத்து உண்டு. குழந்தை இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை தனியே செய்யும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னது, துணை படிப்படியாக விலகும்போதுதான் உண்மையாகும். முதலில் வாக்கியத்துக்கு வாக்கியம். பிறகு குழந்தைக்கு ஒரு பத்தி, உங்களுக்கு ஒரு வாக்கியம். பிறகு நீங்கள் வாக்கியம் எழுதாமல் ஒரு கேள்வி மட்டும் ஓரத்தில் எழுதுவது: ‘தாத்தா குடைக்குள் எப்படிப் போனார்?’ இந்தக் கட்டத்தில் நீங்கள் கதை கேட்பவராகிவிட்டீர்கள்.

மாற்றத்துக்கு நாள் குறிக்காதீர்கள். தன் முறை முடிந்த பிறகும் குழந்தை எழுதிக்கொண்டே போவது, ‘இதை நான் முடித்துக்கொள்கிறேன்’ என்று கேட்பது, நேற்றைய கதையில் யாருக்கும் தெரியாமல் ஒரு வரி கூடியிருப்பது ஆகியவை நீங்கள் ஒதுங்க வேண்டிய நேரத்தைச் சொல்லிவிடும். சில குழந்தைகள் நடுவில் பழைய நிலைக்குத் திரும்பி, ‘நீங்களும் எழுதுங்கள்’ என்பார்கள். தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள்.

தனியாக எழுதத் தொடங்கிவிட்டான். ஆனால் காட்ட மாட்டேன் என்கிறான்.

காட்ட வேண்டியதில்லை. அவன் இல்லாத நேரத்தில் குறிப்பேட்டைத் திறந்து பார்க்க வேண்டாம். தெரிந்துவிட்டால் எழுத்து மட்டுமல்ல, பேச்சும் நின்றுபோகும். நீங்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த கதையையும் நிறுத்திவிடாதீர்கள். அதில் உங்கள் முறை வரும்போது எழுதி வைத்துவிட்டு, குறிப்பேட்டை மேசையில் அவன் எடுக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.